ஒரே பத்திரிகைக்குள் இரண்டு கருத்து: பலவீனமா, நேர்மையா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2, காலை 8.10

அமெரிக்காவில் அதிபர் ஒருவரை அமைச்சர் பதவிக்கோ நீதிபதி பதவிக்கோ முன்மொழிந்தால், அந்த அதிபரை ஆதரிக்கும் பத்திரிகைக்குள்ளேயே சண்டை வந்துவிடுகிறது. ஆசிரியர் ஒன்று எழுதுகிறார், அதே பத்திரிகையின் பத்தியாளர் நேர்மாறாக எழுதுகிறார். வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை ஏன் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும்? தனக்கென்று ஒரு நிலைப்பாடு இல்லாத பத்திரிகையை வாசகன் எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

பிப்ரவரி 2, மதியம் 1.40

நான் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். சென்னையில் ஓர் அரசியல் வார இதழில் பதினோரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். ஆசிரியர் குழு மொத்தமும் ஒரே கருத்தில் இருந்த வாரம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஆனால் வாசகர் கைக்குப் போன இதழில் எல்லா வாரமும் ஒரே கருத்துதான் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

2005இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு ஹாரியட் மியர்ஸ் பெயர் வந்தபோது அமெரிக்க வலதுசாரிப் பத்திரிகைகளில் நடந்ததை எடுத்துப் பாருங்கள். அப்போதைய அதிபர் புஷ் முன்மொழிந்த அவரை, நியமனங்களுக்கு ஒப்புதல் தரவேண்டிய மேலவையான செனட் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் எதிர்க்கட்சி இல்லை, புஷ்ஷுக்காக அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான். இரவு விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 2, இரவு 10.55

சரி, கதை இது. 2005 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். அந்த இடத்துக்கு புஷ் முதலில் சொன்ன பெயர் ஜான் ராபர்ட்ஸ். செப்டம்பர் 3 அன்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் இறந்துபோக, ராபர்ட்ஸை அந்த நாற்காலிக்கு மாற்றினார். செனட்டில் 78–22 என்று ஒப்புதல் கிடைத்தது. ஓ'கானரின் இடம் மறுபடியும் திறந்தது. அக்டோபர் 3 காலையில் புஷ் அறிவித்த பெயர் ஹாரியட் மியர்ஸ்.

யார் அவர்? வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர். டெக்ஸஸில் புஷ்ஷின் சொந்த வழக்கறிஞராக இருந்தவர். டல்லஸ் வழக்கறிஞர் சங்கத்துக்கும், பிறகு டெக்ஸஸ் மாநில வழக்கறிஞர் சங்கத்துக்கும் தலைவரான முதல் பெண். டல்லஸ் மாநகராட்சியில் ஒரு தவணை உறுப்பினர், பிறகு டெக்ஸஸ் லாட்டரி ஆணையத்தின் தலைவர். நீதிபதியாக ஒரு நாளும் இருந்ததில்லை. அரசியலமைப்புச் சட்டம் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எடுத்துக் காட்ட எழுத்தாக எதுவும் இல்லை. புஷ் திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம், அவருடைய மனசு எனக்குத் தெரியும், என்னை நம்புங்கள் என்பதுதான்.

வலதுசாரிகளுக்கு அந்த வார்த்தைதான் சுட்டது. 1990இல் அதிபராக இருந்த புஷ்ஷின் அப்பா, உச்ச நீதிமன்றத்துக்கு டேவிட் சூட்டரைக் கொண்டுவந்தபோதும் இதே மாதிரி நம்பச் சொன்னார்கள். சூட்டர் போய் அமர்ந்த பிறகு மெல்ல மெல்லத் தாராளவாதிகள் பக்கம் சேர்ந்துவிட்டார். 'இனி ஒரு சூட்டர் வேண்டாம்' என்பது அதன் பிறகு பதினைந்து வருடம் அவர்கள் வாயில் இருந்த வாசகம்.

'வீக்லி ஸ்டாண்டர்ட்' 1995இல் தொடங்கிய வலதுசாரி இதழ், அப்போது ஆசிரியர் பில் கிரிஸ்டல். இராக் போரில் புஷ்ஷுக்குத் தோள் கொடுத்த பத்திரிகை. பெயர் அறிவித்த அன்றே கிரிஸ்டல் எழுதிவிட்டார்: ஏமாற்றம், மனச்சோர்வு, ஊக்கமிழப்பு. அதே இதழின் இணையப் பக்கத்தில் தொடர்ந்து எழுதிவந்த ஹியூ ஹூயிட், மியர்ஸை விடாமல் ஆதரித்தார். அதிபருக்குத் தேர்வு செய்யும் உரிமை இருக்கிறது, விசாரணையில் அந்த அம்மாவைப் பேச விடுங்கள், அதற்குள் ஏன் கல்லெறிகிறீர்கள் என்பது அவர் வாதம். பக்கத்துப் பத்திரிகையான 'நேஷனல் ரிவ்யூ'வின் இணையத்தில் டேவிட் ஃபிரம் எதிர்த்து எழுதினார். அவர் புஷ்ஷுக்கு உரை எழுதிக் கொடுத்தவர், மியர்ஸோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர். தான் சந்தித்தவர்களிலேயே பெரிய அறிவாளி புஷ்தான் என்று மியர்ஸ் தன்னிடம் சொன்னதாக அவர் எழுதிய வரி ஊரெல்லாம் சுற்றியது.

வாசகர் கேட்ட 'தெரு' இதுதான். இரண்டு தரப்புக்கும் பெயர் இருந்தது, காரணம் இருந்தது, தேதியும் இருந்தது. முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னால் எழுதப்பட்டவை அவை. வாசகன் இரண்டையும் படித்துவிட்டுத் தன் செனட்டருக்குப் போன் செய்ய முடிந்தது.

பிப்ரவரி 3, காலை 6.30

ஒரு திருத்தம். நேற்று மதியம் 'செனட் ஏற்கவில்லை' என்று எழுதிவிட்டேன். தவறு. செனட்டில் வாக்கெடுப்பே நடக்கவில்லை, குழு விசாரணைகூட நடக்கவில்லை. நவம்பர் 7 அன்று விசாரணை தொடங்குவதாக இருந்தது. அக்டோபர் 27 அன்று மியர்ஸே விலகிக்கொண்டார். 24 நாள் கதை. அக்டோபர் 31 அன்று சாமுவேல் அலிட்டோவின் பெயர் வந்தது, 2006 ஜனவரி 31 அன்று 58–42 என்று ஒப்புதல் கிடைத்தது.

விலகல் கடிதத்தில் சொன்ன காரணத்தையும் கவனியுங்கள். வெள்ளை மாளிகையின் உள் ஆவணங்களை செனட் கேட்கிறது, அதைக் கொடுத்தால் அதிபர் பதவியின் அந்தரங்கம் கெடும் என்றார்கள். கௌரவமாக வெளியேற இந்த வழி இருக்கிறது என்று சில நாள் முன்பே தன் பத்தியில் எழுதிக் காட்டியவர் சார்ல்ஸ் கிரவுத்தமர். அவரும் வலதுசாரிதான், வீக்லி ஸ்டாண்டர்டின் பங்களிப்பு ஆசிரியர்களில் ஒருவர். எதிர்ப்பு சொன்னவரே மரியாதையாக இறங்க ஏணியும் வைத்துக் கொடுத்தார். இது எனக்குப் பிடித்தது.

பிப்ரவரி 4, இரவு 9.15

'அமைச்சரைப் பற்றிக் கேட்டால் நீதிபதியைப் பற்றிச் சொல்கிறீர்களே' என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம். அங்கே இரண்டுக்கும் ஒரே வாசல்தான், அதிபர் பெயர் சொல்ல வேண்டும், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அமைச்சர் பெயரை செனட் வாக்கெடுப்பில் தோற்கடித்தது மிக அபூர்வம். கடைசியாக 1989 மார்ச்சில் ஜான் டவர், பாதுகாப்புத் துறைக்கு, 47–53. மற்றவர்கள் அதற்கு முன்பே ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வைப்பது பெரும்பாலும் சொந்தப் பக்கத்து முணுமுணுப்புதான்.

அமைச்சர் உதாரணம்தான் வேண்டும் என்றால் சக் ஹேகல். நெப்ராஸ்கா குடியரசுக் கட்சிக்காரர், வியட்நாமில் சாதாரணச் சிப்பாயாகப் போரிட்டு இரண்டு முறை காயம்பட்டவர். 2013 ஜனவரி 7 அன்று ஒபாமா அவரைப் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழிந்தார். அதே வீக்லி ஸ்டாண்டர்ட் எதிர்ப்பில் முன்னால் நின்றது. 'அமெரிக்கன் கன்சர்வேடிவ்' ஆதரவில் நின்றது. இரண்டுமே வலதுசாரி இதழ்கள்தான். இதுவரை சரி. ஆனால் பெயர் அறிவிக்கும் முன்பே, 2012 டிசம்பரில், ஸ்டாண்டர்ட் ஒரு செனட் உதவியாளரின் மேற்கோளைப் போட்டது. ஹேகலை அனுப்புங்கள், அவர் யூத வெறுப்பாளர் என்று ஒவ்வோர் அமெரிக்கருக்கும் தெரியவைக்கிறோம் என்ற பொருளில். சொன்னவர் பெயர் இல்லை.

அத்தனை பெரிய பழி, அதற்கு ஒரு கையெழுத்துகூட இல்லை. மியர்ஸ் விஷயத்தில் கிரிஸ்டல் தன் பெயரைப் போட்டுத் தன் அதிபரையே எதிர்த்தார். அதை மதிக்கிறேன். ஹேகல் விஷயத்தில் அதே இதழ் முகம் தெரியாத ஒருவருக்கு அத்தனை பெரிய கல்லைக் கையில் கொடுத்தது. அதை என்னால் மதிக்க முடியவில்லை. ஹேகல் கடைசியில் 58–41 என்று தேறினார்.

பிப்ரவரி 5, இரவு 11.40

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன். பத்திரிகை பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம்.

நம் ஊரில் அமைச்சர் நியமனத்துக்கு ஒப்புதல் விசாரணை என்று எதுவும் இல்லை. முதல்வர் பட்டியல் கொடுப்பார், ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்து வைப்பார். மாலையில் பட்டியல் வந்தால் மறுநாள் காலையில் பிரமாணம் முடிந்துவிடும். நடுவில் விவாதிக்க ஓர் இரவுகூட முழுசாகக் கிடைக்காது. அதனால் பத்திரிகைக்குப் பொறுப்பு கூடுதல் என்று நினைக்கிறேன், கேள்வி கேட்க வேறு மேடையே இல்லை.

எங்கள் இதழ் அப்போதைய ஆளும் தரப்புக்கு நெருக்கம். புதிதாக அமைச்சரான ஒருவரை வாழ்த்தித் தலையங்கம் தயார். மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார், நாங்கள் எல்லோரும் 'சார்' என்று மட்டும்தான் கூப்பிடுவோம். அவர் தலையங்கத்தின் புரூஃபை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் நியூஸ்பிரிண்ட் தாளை எடுத்து, நீல மை பேனாவால் ஒன்றரைப் பக்கம் எழுதினார். அந்தத் துறையோடு தொழில் தொடர்பு உள்ளவருக்கே அந்தத் துறையைக் கொடுத்தது தவறு என்பது சாரம். 'தலையங்கத்தை மாற்ற வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் என் பெயரில் இதைப் போடுங்கள்' என்று ஆசிரியரிடம் நீட்டினார்.

ஆசிரியர் அதை வாங்கி, டீ கிளாஸை அதன்மேல் வைத்தார். வேண்டுமென்று செய்ததில்லை, கை அப்படிப் போனது. தாளில் பழுப்பு வட்டம் விழுந்தது. 'பார்க்கலாம் சார்' என்றார். அறையில் ஐந்து பேர் இருந்தோம். நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் சாரின் கருத்துதான். வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பக்கங்கள் அச்சு மெஷினுக்குப் போய்விட்டன. தாள் இழுப்பறைக்குள் போனது.

மூன்று வாரம் கழித்து வாசகர் கடிதங்களில் அதே கேள்வி நான்கைந்து ஊரிலிருந்து வந்தது. ஒரு கடிதத்தில், 'இது உங்கள் அலுவலகத்தில் யாருக்குமே தோன்றவில்லையா?' என்று கேட்டிருந்தார் ஒருவர். கடிதங்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. அந்த வரியை நான்தான் முதலில் படித்தேன்.

'வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது' என்று வாசகர் எழுதியதும் இதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் ஒன்றும் தீரவில்லை.

பிப்ரவரி 6, காலை 7.20

சின்னதாக ஒன்று. மியர்ஸை எதிர்த்தவர்கள் எல்லோரும் யோக்கியமான காரணத்தோடுதான் எதிர்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் படித்தது டல்லஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். ராபர்ட்ஸ் ஹார்வர்ட், பிறகு வந்த அலிட்டோ பிரின்ஸ்டன், யேல். எங்கே படித்தார் என்று உதட்டைச் சுழித்தவர்கள் இருந்தார்கள். பெண் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று லாரா புஷ்ஷே தொலைக்காட்சியில் சொன்னார். மாநில வழக்கறிஞர் சங்கத்தின் முதல் பெண் தலைவராவது டெக்ஸஸில் லேசான காரியமாக இருந்திருக்காது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் அமைச்சரானபோது முதல் கேள்வி 'எந்த காலேஜ்?' என்பதாகத்தான் இருந்தது. ஆண் அமைச்சர் யாருக்கும் அந்தக் கேள்வி எழுந்து நான் கேட்டதில்லை.

ஆனாலும் செனட்டின் கேள்விப் பட்டியலுக்கு அவர் கொடுத்த பதில்கள் போதாது என்று குடியரசுக் கட்சித் தலைமையில் இருந்த நீதித்துறைக் குழுவே திருப்பிக் கேட்டது. ஏளனம் வேறு, அந்தக் குறை வேறு. கோபத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 8, மாலை 4.05

'பத்திரிகைக்கு ஒரே குரல் வேண்டாமா, தலையங்கம் எதற்கு?' என்று கேட்கிறார்கள். தலையங்கம் வேண்டும், கட்டாயம் வேண்டும். கையெழுத்து இல்லாமல் வருவதால் அது பத்திரிகையின் குரல். அதனால்தான் அதோடு ஒத்துப்போகாதவருக்குப் பெயரோடு இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அவர் பேசாததையும் அவர் பேசியதாகவே வாசகன் எடுத்துக்கொள்வான்.

'நியூ ரிபப்ளிக்' தாராளவாதிகளின் பழைய இதழ். 1986இல் நிகராகுவாவின் இடதுசாரி அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைகளுக்கு அமெரிக்கா பண உதவி செய்ய வேண்டும் என்று தலையங்கம் போட்டது. வாசகர்களுக்கு அதிர்ச்சி, உள்ளே இருந்தவர்களுக்கும்தான். பங்களிப்பு ஆசிரியர்கள் பலர் சேர்ந்து கண்டனக் கடிதம் எழுதினார்கள். இதழ் அந்தக் கடிதத்தைத் தன் பக்கத்திலேயே அச்சிட்டது. பத்திரிகை கவிழ்ந்துவிடவில்லை. அந்தத் தலையங்கத்தைப் பெயர் போடாமல் எழுதியவர் யார் தெரியுமா? கிரவுத்தமர். மூன்றாம் தேதி காலையில் ஏணி வைத்தார் என்று எழுதினேனே, அதே ஆள். பத்தொன்பது வருடம் கழித்து மியர்ஸ் விஷயத்தில் பெயர் போட்டு எழுதினார்.

இன்னும் பின்னால் போனால் நேஷனல் ரிவ்யூ. 1955 நவம்பரில் ஆரம்பித்த இதழ், ஒரு வயதுகூட நிறையவில்லை. 1956 தேர்தலில் குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவருக்கு ஓட்டுப் போடலாமா கூடாதா என்பதில் உள்ளேயே பிளவு. அக்டோபர் 20 இதழில் போடலாம் என்று ஜேம்ஸ் பர்ன்ஹாமும், கூடாது என்று வில்லியம் ஷ்லாமும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஷ்லாம் வெளியேறிவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும், கருத்தை அச்சில் போட்டதாலேயே உறவு ஒட்டிக்கொள்ளும் என்று இல்லை. ஆனால் அவர் சொன்னது என்ன என்று இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம்.

பிப்ரவரி 9, இரவு 10.10

ஹூயிட்டைப் பற்றி முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'விடாமல் ஆதரித்தார்' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டேன். அது நியாயம் இல்லை.

அவருடைய வாதத்தின் கனமான பகுதி வேறு. 2005 வசந்தம் முழுக்கக் குடியரசுக் கட்சியினர் கத்திக்கொண்டிருந்தது ஒன்றுதான்: அதிபர் முன்மொழிந்த நீதிபதிகளை ஜனநாயகக் கட்சியினர் பேசிப் பேசித் தடுக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நேரடி வாக்கெடுப்பு வேண்டும். மே மாதம் இரு கட்சியிலும் ஏழு ஏழு பேர் சேர்ந்து ஒரு சமரசம் செய்துதான் அது ஓய்ந்தது. ஐந்து மாதம் கழித்துத் தங்கள் அதிபரின் ஆளை விசாரணைக்கே வரவிடாமல் விரட்டிவிட்டு, அடுத்த முறை எந்த முகத்தோடு நேரடி வாக்கெடுப்பு கேட்பீர்கள் என்றார் ஹூயிட். மியர்ஸ் விலகிய மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' பக்கத்தில் இதையெல்லாம் எழுதினார்.

தோற்ற பக்கத்தில் நின்று, தோற்ற பிறகும் கணக்கு ஒப்பித்தார். அப்போது ஜெயித்தவர்கள் பக்கத்தைப் பாருங்கள்: 2022 ஜூன் 24 அன்று, 1973 முதல் இருந்த கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அலிட்டோ. அந்த 24 நாள் பத்திரிகைச் சண்டையின் விளைவு கோடிக்கணக்கான பெண்களின் வாழ்க்கை வரை போயிருக்கிறது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. ஆனால் 2005இல் கிரிஸ்டலும் ஃபிரமும் எழுதாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக முறையைக் குறை சொல்கிறேனா, அல்லது முறை பிடித்திருப்பதால் முடிவை மன்னிக்கிறேனா என்று தெளிவாகவில்லை.

பிப்ரவரி 10, காலை 8.00

ஒரு நண்பர் கேட்டார், 'அன்றைக்கு நீ பேசியிருந்தால் ஆசிரியர் போட்டிருப்பாரா?' அநேகமாகப் போட்டிருக்க மாட்டார். ஆனால் அறையில் ஒருவருக்கு எதிராக நான்கு பேர் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். மூன்றுக்கு இரண்டு என்று எண்ணியிருப்பார்.

பிப்ரவரி 12, இரவு 9.30

இன்றைக்கு மதியம் சாருக்குப் போன் செய்தேன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். 'யாரும்மா? அட, நீயா' என்றார். இங்கே எழுதியதைச் சொன்னேன். பெயர் போடவில்லை என்றதும், 'போட்டிருக்கலாமே, என் பெயர்தானே' என்றார்.

அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கொடுக்கும் முன் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். இத்தனை வருடமாகச் சர்டிபிகேட் பைலுக்குள் இருக்கிறதாம். இங்கே போடலாமா என்று கேட்டேன்.

'போடு. ஆனா ரெண்டாவது பாராவை அப்படியே போடாதே. அந்த ஆள் சட்டமன்றக் குழுக் கூட்டத்துக்கே வரலைன்னு எழுதியிருந்தேன். அப்புறமா வருகைப் பதிவைப் பார்த்தேன், வந்திருக்கார். நான் எழுதினது தப்பு. அன்னைக்கு அச்சுல வந்திருந்தா அடுத்த வாரமே யாராவது கடிதம் போட்டிருப்பாங்க, நானும் திருத்தியிருப்பேன். அது இழுப்பறையிலேயே கிடந்துபோச்சு. யாருகிட்டப் போய்த் திருத்தச் சொல்றது?'

மகளிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வைத்தார். இரண்டு தாள். டீ வட்டம் இதில் இல்லை, இது அதற்கு முன்னால் எடுத்த நகல். இரண்டாவது பாராவின் ஓரத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு, பக்கத்தில் 'தவறு, வந்திருக்கிறார்' என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. எப்போது எழுதினார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

அமைச்சரின் பெயர் வரும் இடங்களை மட்டும் எடுத்துவிட்டு, நாளைக்கு ராத்திரி தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். பென்சில் குறிப்போடு.